கறை வரட்டும்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் இரண்டே வகைச் சுவர்தான் உண்டு. பெயின்ட் அடித்த சுவர், அடிக்க வேண்டிய சுவர். கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் பெண்ணையும் பார்க்க மாட்டார், மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார். "மூலையில சுவருக்குப் பட்டி சரியா பாக்கல" என்று என் காதில் சொல்வார். இப்படிப்பட்ட பெயின்டருக்கு ஓவியம் வரைகிற தங்கை. கடவுளுக்கும் அப்பப்போ குறும்பு வரும் போலிருக்கிறது.

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் வளர்த்தது முழுக்க இவர்தான். கேட்ட பேப்பர், கேட்ட கலர் எல்லாம் வாங்கித் தருவார். என்ன வரைகிறாய் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. "ஏதோ கிறுக்குறா, கிறுக்கட்டும்" என்று பெருமையாகவே சொல்வார்.

எங்கள் ஊர்ப் பழைய தெருவில் வருஷா வருஷம் புதுக் கலைஞர்களுக்கு ஒரு வார விழா நடக்கிறது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் சும்மா கிடக்கும் அறைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான். விட்டால் விட்டதுதான். இந்த வருஷம் பாப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கிடைத்தது பழைய தபால் ஆபீஸின் பின்னறை. சுவரெல்லாம் ஈரம் ஏறி, ஒரே கறையும் விரிசலும்.

மற்றவர்கள் படங்களைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். இவள் ஒரு கரித்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாள் சாப்பாடு கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு கறை என் மாமனாராகிக் குனிந்து சைக்கிள் மிதிக்கிறது. ஒரு விரிசல் மாமியாரின் புடவைத் தலைப்பாக ஓடுகிறது. காரை பெயர்ந்த இடத்தில், அண்ணன் தோளில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும் குட்டிப் பாப்பா.

"அண்ணாகிட்ட மூச்சு விடாதீங்க அண்ணி. தெறக்கற அன்னைக்கு அவர்தான் மொதல்ல பாக்கணும். வேற யார் பாத்தாலும் பாக்காட்டியும் பரவாயில்ல."

எனக்கு ஓட்டை வாய் என்று தெருவுக்கே தெரியும். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டேன். போட்டிருக்கவே கூடாது.

திறப்பு நாளன்று காலையில் டீக்கடையில் யாரோ இவரிடம், "உன் தங்கச்சிக்குக் கெடச்ச ரூம் ஒரே கறையாமே" என்று சொல்லியிருக்கிறார்கள். மனுஷனுக்குப் பொறுக்குமா? ஏணி, வாளி, ரோலரோடு நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய்விட்டார். காவலாளியும் கதவைத் திறந்துவிட்டார். ஏணியும் வாளியும் கையில் இருக்கிறவனை யார் தடுக்கப் போகிறார்கள்?

நானும் பாப்பாவும் போனபோது தெருமுனையிலேயே பெயின்ட் வாசனை அடித்தது. உள்ளே மூன்று சுவர் பாலாக வெளுத்திருந்தது. இவர் வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"பாத்தியா பாப்பா, எப்படிப் பளிச்சுன்னு ஆயிடுச்சு! இன்னும் ஒரு சுவர்தான் பாக்கி."

பாப்பா பாக்கியிருந்த சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று இவரும் திரும்பினார். ஏணி மேல் முதுகு காட்டி நிற்கும் ஒரு ஆள். இடது தோள் கொஞ்சம் தூக்கினாற்போல. அந்தத் தோளை யாருக்கும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

"இது... நானா?" என்றார். பிறகு மெதுவாக மற்ற மூன்று சுவரையும் பார்த்தார். "ரோலர்ல கருப்பா ஒட்டுச்சு. பொகைக்கரின்னு நெனச்சேன் பாப்பா."

"கண்ணை எங்க கழட்டி வெச்சுட்டு வந்தீங்க?" என்று நான் பிடித்துக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக எல்லாம் ஆகிவிட்டதே என்ற ஆத்திரம். பாப்பாவிடம், "மறுபடி வரைஞ்சிடலாம் கண்ணு" என்றேன்.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது அண்ணி? கறை காட்டினதைத்தானே நான் வரைஞ்சேன். வெறும் வெள்ளையில எனக்கு ஒண்ணுமே தெரியல." அப்போதுதான் அழுதாள்.

இவர் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "கறைதானே? வரும்" என்றார். "பட்டி பாக்கல, பிரைமர் போடல, அவசரத்துல ஒரே ஒரு கோட்டுதான் அடிச்சேன். உள்ள ஈரம் அப்படியே இருக்கு. நாளைக்கு வந்துடும்." இத்தனை வருஷமாக எந்தக் குறைக்காக வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாரோ, அதையே வரச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார்.

அன்று வந்தவர்கள் மூன்று வெள்ளைச் சுவரையும் மிச்சமிருந்த ஏணி ஆளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். விழாக் கமிட்டி அம்மா மட்டும், "வெறுமையே ஒரு சிந்தனைதான்" என்று தலையாட்டினார். "இல்ல மேடம், எங்க அண்ணா தெரியாம அடிச்சுட்டார்" என்றாள் பாப்பா. இவர் வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும், "அழிச்சது நான்தாங்க, பொண்ணு மேல தப்பில்ல. நாளைக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் போய்க் கதவைத் திறந்ததும், "வந்துடுச்சு! பாப்பா, வந்துடுச்சு!" என்று ஒரே கூச்சல். மஞ்சளாக அங்கங்கே தலைகாட்டியிருந்தது. மதியத்துக்குள் நன்றாகவே பரவியது. பழைய கறைகளின் வடிவம் இல்லை. எல்லாம் வேறு. பாப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கரியை எடுத்தாள். வந்தவர்கள் போகாமல் நின்றார்கள். அறை நிறைந்து வாசல் வரை கூட்டம். பின்னறை இருட்டுக்கு இவர் பக்கத்தில் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்தார்.

"அந்த வளைவு... அப்பா முதுகா?" என்றார் திடீரென்று.

"ஆமா."

"இத்தனை நாளா இதைத்தான் பண்ணிட்டிருந்தியா?"

"நீங்க கேக்கவே இல்லையேண்ணா."

இவர் விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

அப்போது இவர் போன் அடித்தது. போன மாதம் வேலை செய்த வீட்டு அம்மா. ஹாலில் கறை தெரிகிறதாம். குரல் எனக்கே கேட்டது.

"வந்து அடிச்சுத் தர்றேன் மேடம், அது என் பொறுப்பு. அதுக்கு முன்னாடி அந்தக் கறையைக் கொஞ்சம் உத்துப் பாருங்களேன். ஐயோ, கிண்டல் இல்ல மேடம். ஏதாவது தெரியுதா? யாராவது? எனக்கும் நேத்து வரைக்கும் தெரியாது. என் தங்கச்சிதான் காட்டினா. பெரிய ஓவியர்."

சுவரில் ஓடிக்கொண்டிருந்த கரி நின்றது. பாப்பா திரும்பவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் கருப்பு. இவர் போனைக் காதில் வைத்தபடியே, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைத் துடைக்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போதும் சாமி, நீங்க தொடைச்சதெல்லாம்."