ஏழாம் வட்டத்தின் இரவு மருத்துவர்

நகரச் சுகாதார அலுவலகத்தில் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பதினெட்டு வருடமாக, கூப்பிட்டால் வீடு தேடி வரும் இரவு மருத்துவர்களின் அட்டவணை அவர் கைவண்ணம்தான்: பன்னிரண்டு வட்டம், வட்டத்துக்கு ஒரு மருத்துவர், ஒரு தொலைபேசி எண், கீழே அவர் கையெழுத்து. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கூப்பிட்டுப் பார்த்தால்தான் வம்பு.

அன்று இரவு இரண்டு மணிக்கு அவருடைய மூன்று வயது மகள் இருமிக்கொண்டே எழுந்தாள். நாய் குரைப்பது போன்ற இருமல். மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் விசில் சத்தம். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கிக்கொண்டது.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். அவரே பெருமையாகக் கொண்டுவந்து ஒட்டிய அட்டவணை.

"நம்ம வட்டம் ஏழு. கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. டாக்டரும் மனிதர்தானே, அசந்திருப்பார் என்று சமாதானம் சொன்னார். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை, சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிற ஜென்மங்கள் என்று வைதார். நான்காம் முறை எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டே அழுத்தியபோதுதான் உறைத்தது. அது அவருடைய மேசைத் தொலைபேசியின் எண்.

ஏழாம் வட்டத்து மருத்துவர் வேலையை விட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. வேறு ஆள் வரவில்லை. அதற்காகக் கட்டத்தைக் காலியாக விட முடியுமா? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பணியிலுள்ள மருத்துவர்' என்று எழுதி, ஆள் வரும்வரை இருக்கட்டும் என்று தன் எண்ணையே போட்டார். பிறகு மறந்துபோனார். போன மாதம் மேலதிகாரி, ஏழாம் வட்டத்திலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை என்று நாலு பேர் முன்னால் மெச்சியபோது, அவரும் அடக்கமாகத் தலைகுனிந்துகொண்டார்.

"யாரும் எடுக்கலையா?"

"அங்க யாரும் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சட்டையை மாட்டினார். தெருவின் குளிர்ந்த காற்று பட்டதும் குழந்தையின் மூச்சு கொஞ்சம் தணிந்தது. டாக்சியில் பாதி வழி போனபின் விஷயத்தைச் சொன்னார். மனைவி குழந்தையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீதிப் பாதி வழி மிக நீளமாக இருந்தது.

பெரிய மருத்துவமனையில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். விசில் சத்தம் அடங்கியது. இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு இருந்த இளம் மருத்துவர் சுவரைக் காட்டினார். அங்கேயும் அதே அட்டவணை, அதே கையெழுத்து.

"இங்க விபத்துக் கேஸே குவிஞ்சு கிடக்கு. உங்க வட்டத்துக்குத்தான் ராத்திரி டாக்டர் இருக்காரே, முதல்ல அவரைக் கூப்பிடக்கூடாதா?"

"கூப்பிட்டோம் டாக்டர்," என்றாள் மனைவி. "அந்த நம்பர் இவரோடதுதான். பாவம், எங்ககூடவே கிளம்பி வந்துட்டாரு."

காலையில் அலுவலகம் போனதும் தொலைபேசியின் சின்னத் திரைமேல் தானே ஒட்டியிருந்த விடுமுறைப் பட்டியலை உரித்தார். திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எப்போதும் மினுங்கும்; மின்சாரம் வருகிறது என்று அர்த்தம் போலும் என இரண்டு வருடமாக நினைத்திருந்தார். நேற்றிரவு மட்டும் எடுக்காத அழைப்புகள் பதின்மூன்று. நான்கு அவருடையவை. மற்ற ஒன்பதும் ஒரே எண்ணிலிருந்து, மூன்றேகாலிலிருந்து நாலரை வரை.

அந்த எண்ணுக்கு அடித்தார். ஒரே மணியில் எடுத்தாள் ஒரு பெண்.

"டாக்டருங்களா? பரவாயில்லைங்க. இனிமே வர வேண்டாம்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தொலைபேசியை வைத்தார். பிறகு புது அட்டவணையில் ஏழாம் வட்டத்தின் இரண்டு கட்டங்களையும் அழித்து, அச்செடுத்துக் கையெழுத்திட்டார்.

மேலதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து முகம் சுளித்தார்.

"என்னய்யா, ஏழு காலியா இருக்கு? பார்க்கவே அசிங்கமா இல்ல?"

"காலியாத்தான் சார் இருக்கு," என்றார் கட்டக்காரர்.