ஏழாம் பத்தி

கணவன் அனுப்பிய விவாகரத்து மனுவில் கத்திரியக்காவை உறுத்தியது ஒரே ஒரு சொல்தான். விவாகரத்து கேட்டதில் அவளுக்கு வருத்தமில்லை. அது வரும் என்று தெரியும். வந்ததும் கையெழுத்துப் போட்டுத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் இருந்தாள். அந்தச் சொல் இல்லாதிருந்தால் விஷயம் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

கத்திரியக்கா என்பது துணிக்கடையில் வைத்த பெயர். மாடிப்படிக்குக் கீழே ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு இஸ்திரிப் பெட்டி, அதுதான் அவள் ராஜ்ஜியம். வாங்கின பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பாள், சட்டையின் இடுப்பைப் பிடிப்பாள். ஆனால் மிச்சத் துணியை வெட்ட மாட்டாள், உள்ளே மடித்தே தைப்பாள். "ஆளு குண்டாவான், பையன் வளருவான். அப்போ பிரிச்சு விட்டுக்கலாம். வெட்டிட்டா கடவுளே வந்தாலும் ஒட்ட முடியாது" என்பாள். கத்திரியைக் கையால் தொடாதவளுக்குக் கத்திரியக்கா என்று பெயர். சேல்ஸ் பெண்களின் குசும்பு அது.

மனு முழுக்க இங்கிலீஷ். தம்பிதான் வாசித்துச் சொன்னான். ஆறு பத்தி வரைக்கும் அவன் குரலில் தடங்கல் இல்லை. ஏழாவதில் நின்றான்.

"என்னடா?"

"மாமாவோட வாழ்க்கைய நீ அனைஹிலேட் பண்ணிட்டியாம்."

"அப்படின்னா?"

"கெடுத்துட்டேன்னு சொல்றாருக்கா."

"கெடுக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை இருக்கே. இதை ஏன் போட்டிருக்கான்?"

தம்பி போனில் பார்த்தான். பார்த்துவிட்டுச் சொல்லப் பிடிக்காமல் சொன்னான். "நாசம் பண்றதுதான். ஆனா சும்மா நாசமில்ல. ஒண்ணுமே மிச்சம் வைக்காம, இருந்த தடமே தெரியாம ஆக்குறது."

அன்றிலிருந்து அந்தச் சொல் அவளைத் துரத்தியது. அதுவரை காதில் விழாதது எங்கே பார்த்தாலும் கண்ணில் பட்டது. தம்பி போனில் விளையாடும்போது எதிரி ஆட்கள் அத்தனை பேரும் செத்து விழுந்தால் திரையில் அதுதான் மின்னியது. டிவியில் ஒரு அணி மண்ணைக் கவ்வினால் கமெண்டரிக்காரன் அதையே கத்தினான். கடைக் கழிவறையில் இருந்த கரப்பான் மருந்து டப்பாவின் மேலும் அது சிவப்பு எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "நானும் இதுவும் ஒரே ஜாதி" என்று சேல்ஸ் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். அவர்கள் சிரிக்கவில்லை.

அவளுடைய வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அதெல்லாம் சும்மா போடுறதும்மா. கோர்ட்டுக்கு எழுதறப்போ காரம் தூக்கலாத்தான் எழுதுவாங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க, வேலை முடிஞ்சுது."

"சும்மா யாராவது அப்படி எழுதுவாங்களா? எதை நாசம் பண்ணினேன்னு அந்த ஆளு என் முன்னாடி வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் போட மாட்டேன்."

இங்கே அவள் புருஷனைப் பற்றிச் சொல்லவேண்டும். லிஃப்ட் மெக்கானிக். கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடியில்லை, அடியில்லை, பேச்சும் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன்போல வாழ்ந்தான். "சாப்பாடு இருக்கா", "வரேன்", "லைட்டை அணை". எட்டு வருஷக் கல்யாணத்தில் இந்த மூன்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது டிவி சத்தம்தான். சுவரோடு சண்டை போட்டிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும்.

வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டதைக்கூட அவன் வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. உள்ளே போய்க் கத்திரியை எடுத்து வந்தாள். அவனுடைய சாம்பல் நிற வேலைச் சட்டையை அவன் கண் முன்னால் கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் வெட்டினாள். கையை வெட்டினாள், பையை வெட்டினாள். அவன் எழுந்து அலமாரியிலிருந்து வேறு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வரேன்" என்று வேலைக்குப் போனான். அடுத்த மாதம் வேறு ஊருக்கே போய்விட்டான்.

அதனால்தான் அந்தச் சொல் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டது. கோபம் நிஜம். ஆனால் கோபத்துக்கு அடியில் வெளியே சொல்ல வெட்கமான ஒன்றும் இருந்தது. கல்லுப்பிள்ளையாராக இருந்தவனுக்கு உள்ளே இவ்வளவு வலித்திருக்கிறது, அதற்கு இவ்வளவு பெரிய வார்த்தையைத் தேடிப் பிடித்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியானால் அன்றைக்கு அந்தச் சட்டையை வெட்டியது அவன் மனசில் தைத்திருக்கிறது. அவள் அவனுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்கிறாள். அவன் தன் வாயால் அதைச் சொல்லிவிட்டால் மன்னிப்புக் கேட்பாள். அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கத் தைரியம் வரவில்லை, ஆனால் யோசித்தாள்.

வெட்டிய துண்டுகளை எடுத்து வைத்திருந்தாள். கடை வேலை முடிந்தபின் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைத்தாள். நேர்த்தியான கைதான், ஆனாலும் தழும்பு தழும்பாகத் தெரிந்தது.

வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு இருவரையும் சமரச அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேஜை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத கடிகாரம். தைத்த சட்டையை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே அவன், பக்கத்தில் அவனுடைய வக்கீல். அவன் கொஞ்சம் இளைத்திருந்தான்.

சமரசம் பேசும் அம்மாள் கேட்டார். "உங்களுக்கு என்னம்மா ஆட்சேபணை?"

அவள் அவனைப் பார்த்தே கேட்டாள். "அனைஹிலேட் பண்ணிட்டேன்னு எழுதியிருக்கீங்களே. எதைச் சொல்றீங்க? அந்தச் சட்டையவா?"

அவன் விழித்தான். "எந்தச் சட்டை?"

"நான் வெட்டினேனே. சாம்பல் கலரு."

யோசித்துப் பார்த்தான். பாவம், நிஜமாகவே யோசித்தான். "ஞாபகமில்லையே." பிறகு வக்கீலிடம் திரும்பினான். "என்ன சார் எழுதியிருக்கு?"

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "ஓ, ஏழாம் பத்தியா? அது எல்லார் மனுவுலயும் வர்றதும்மா. கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கும், பேரை மட்டும் மாத்துவோம். இதுக்கா ஒரு வருஷம் இழுத்தீங்க? முதல்லயே சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே." பேனாவால் சர்ரென்று ஒரு கோடு இழுத்தார். "இங்க ஒரு சின்னக் கையெழுத்து போடுங்க சார்."

அவன் போட்டான்.

அவள் காத்திருந்தாள். இப்போதாவது கேட்பான், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. தன் பெண்டாட்டியை ஒரு வருஷம் தூங்கவிடாத வார்த்தை எது என்று. அவன் போன் அடித்தது. எடுத்துத் தாழ்ந்த குரலில், "எந்த மாடியில நிக்குது? உள்ள ஆள் இருக்கா? பயப்பட வேணாம்னு சொல்லுங்க, தோ ஆள் அனுப்புறேன்" என்றான். எட்டு வருஷத்தில் அவளிடம் அப்படி மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"வேற ஆட்சேபணை இருக்காம்மா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லீங்க" என்றாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் குற்றவாளியாக இருந்ததில் எத்தனை சந்தோஷம் இருந்தது என்பதுதான் அவமானமாக இருந்தது.

"வரேன்" என்று அவன் எழுந்தான்.

மறுநாள் மிஷினுக்கு எண்ணெய் விடும் நாள். துடைக்கப் பழந்துணி இருக்கிறதா என்று சேல்ஸ் பெண்ணொருத்தி தேடினாள். "தேட வேணாம்டி" என்று கத்திரியக்கா பையிலிருந்து சட்டையை எடுத்தாள். தையலைப் பிரிக்க அவளுக்குப் பொறுமையில்லை. கத்திரியை எடுத்து, கைக்கு அடங்குகிற துண்டுகளாக வெட்டினாள்.