ஐஸ் தொழிற்சாலை இருந்த இடம்

எரிமலை சாம்பல் கக்கியதற்கு மறுவருஷம், கோஸ்டா ரிக்காவின் சான் எலாதியோ ஊரில் தைத்த பேஸ்பால் பந்துகள் அமெரிக்க மைதானங்களில் பேச ஆரம்பித்தன. எல்லாம் பேசவில்லை. மட்டை நடுவில் நன்றாக அடிவாங்கியவை மட்டும். சிகாகோவில் ஒரு பந்து உயரத்திலிருந்து இறங்கும்போது ஸ்பானிய மொழியில், "சோத்த எறக்கிட்டியா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமா?" என்று கேட்டது. பிடிக்க நின்ற ஆட்டக்காரன் ஸ்பானிய மொழி பேசும் டொமினிக்கன் நாட்டுப் பையன். அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டான். பந்து கீழே விழுந்தது, ஆட்டம் போனது.

சான் எலாதியோவில் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. உள்ளே என்ன போகிறதென்று தைக்கிறவர்களுக்குத் தெரியாதா? நடுவில் ரப்பர் சுற்றிய தக்கை, அதன்மேல் இயந்திரம் இறுக்கிச் சுற்றும் கம்பளி நூல், அதன்மேல் பசை. அதுவரை இயந்திரம். எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல்களை ஈரத்தோடு போர்த்தி, பந்தைப் பிடிகட்டையில் மாட்டி, இரண்டு ஊசியும் சிவப்பு நூலுமாக நூற்றெட்டுத் தையல் போடுவது மனுஷக் கை. முதல் தையலும் கடைசித் தையலும் வெளியே தெரியக்கூடாது. கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கிறது, பேசாமல் என்ன செய்வது? முன்காலத்தில் அமெரிக்காவில் செருப்புத் தைக்கிறவர்கள் மீன் கண்ணை நடுவில் வைத்துக்கூடப் பந்து செய்தார்களாம். பிறகு ஆலையில் வெட்டிய தோலை வீடு வீடாகக் கொடுக்க, பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து தைத்தார்கள். குதிரைத் தோல் போய் மாட்டுத் தோல் வந்தது. தையல் தீவு தீவாகக் கப்பலேறி, கடைசியில் இந்தக் கரும்புக் காட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்தது. தைக்கும் இயந்திரம் செய்யப் பார்த்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள். இத்தனை காலமும் தைத்தவர்கள் பேசித்தான் இருப்பார்கள். இப்போது மட்டும் பேச்சு ஏன் தங்கியது என்றால், கம்பளியில் சாம்பல் படிந்துவிட்டது என்றார் மேற்பார்வை பார்த்த டோன் எலியெசர். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் எல்லோரும் கால்பந்துதான் ஆடினார்கள்.

கேட்டு வைத்துக்கொண்டவள் ஒதிலியா பிரேனெஸ் ஒருத்திதான். அவள் கணவன் வில்பெர்த் கூரை வேலைக்கென்று நியூஜெர்சி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. இடையில் ஆறு பெருகி, வீட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் விலாசம் எழுதிய கடிதங்களும் அதோடு போயின. அவன் எழுதியவையோ, "ஆற்றங்கரை, கொய்யா மரத்துக்கு எதிரே" என்று வந்தன. கரையும் இல்லை, கொய்யாவும் இல்லை. புதுத் தபால்காரன் தலைநகரத்து ஆள், அவற்றைத் திருப்பி அனுப்பினான். எங்கள் ஊரில் தெருப்பெயரும் கதவு எண்ணும் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் விலாசம். அந்த ஒன்று இடிந்தாலும் விலாசம் மாறாது.

ஆகவே ஒதிலியா ஒவ்வொரு பந்தையும் முடிக்கும்போது குனிந்து, தான் புதிதாகக் குடிபோன வீட்டின் விலாசத்தை, "ஐஸ் தொழிற்சாலை இருந்த இடத்துலேர்ந்து தெக்கே இருநூறு மீட்டர், பச்சைக் கதவு, வில்பெர்த்" என்று சொல்லிக் கடைசித் தையலை இழுத்தாள்.

பக்கத்துப் பெஞ்சு யமிலெத்துக்குச் சிரிப்பு. "அவன் அங்க வேற அடுப்பு பத்த வெச்சு, அதுல சோறும் வெந்திருக்கும்டி."

"வெந்தா சாப்புடட்டும். வழி தெரியாம வரலன்னு மட்டும் நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

மழைக்காலத்தில் பந்து வாங்கும் அமெரிக்கர்களிடமிருந்து உத்தரவு வந்தது: தையல் கூடத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. டோன் எலியெசர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, தன் வாயையும் மூடிக்கொண்டார். பெண்களும் ஆண்களும் கண்ணாலேயே சண்டை போட்டார்கள். ஒதிலியா உதட்டைக் கடித்துக்கொண்டு தைத்தாள். அந்தப் பருவத்துப் பந்துகள் எடை சரி, சுற்றளவு சரி, தையல் சரி. ஆனால் பறக்கவில்லை. மட்டை இரண்டாக முறிந்தாலும், பந்து ஊறின ரொட்டி மாதிரி பக்கத்திலேயே விழுந்தது. அறுத்துப் பார்த்தார்கள்; தக்கையும் நூலும்தான் இருந்தன. ஜனங்கள் மைதானத்துக்கு வருவது குறைந்தது. வாழையிலையில் அவித்த கிறிஸ்துமஸ் தமாலே சாப்பிட்டு முடிந்த கையோடு இரண்டாவது உத்தரவு வந்தது: பேசலாம், ஆனால் ஆள் பெயர் சொல்லக்கூடாது.

"போச்சு. இனிமே உன் விலாசம் யாருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் யமிலெத்.

"கேக்க வேண்டியவருக்குத் தெரியும்" என்றாள் ஒதிலியா.

பெயரில்லாத விலாசம் எல்லோருக்குமான விலாசம் ஆயிற்று. முதலில் ஒஹாயோவிலிருந்து பருத்த மனிதர் ஒருவர் பந்தும் கையுமாக வந்து பச்சைக் கதவைத் தட்டினார். அவருக்கே எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. ஒதிலியா காப்பி கொடுத்து அனுப்பினாள். பிறகு ஒரு விதவை, ஒரு பாதிரியார், ஓய்வுபெற்ற பந்துவீச்சாளர் ஒருவர். "வந்தவங்கள்ல ஒருத்தரப் புடிச்சு வெச்சுக்கயேன், பாதிரியார விட்டுட்டு" என்று யமிலெத் யோசனை சொன்னாள். ஒதிலியா ஒவ்வொரு தடவையும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ.

வில்பெர்த் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் ஒரு பந்து அந்த விலாசத்தைச் சொல்வதைக் கேட்டான். கரண்டியை வைத்துவிட்டுப் புறப்பட்டான். வந்தவன் நேராக ஐஸ் தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் போய், தெற்கே இருநூறு மீட்டர் நடந்தான். அங்கே கரும்புதான் இருந்தது. திரும்பி வந்து மறுபடி நடந்தான். சொந்த ஊரில் வழி கேட்க வெட்கம். சாயங்காலம் வேலை முடிந்து போன யமிலெத் கரும்புக்குள் பெட்டியோடு நின்றவனைப் பார்த்து, "கரும்பு வெட்ட ஆள் வந்தாச்சு போல" என்றாள். பிறகு அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பச்சைக் கதவு திறந்தே இருந்தது.

"நாள் பூரா எங்க சுத்துனீங்க?" என்றாள் ஒதிலியா.

"நீங்க சொன்ன ஐஸ் தொழிற்சாலைலதான் நின்னேன்."

"அது பழசு. நான் சொன்னது புதுசு. நீங்க போனப்புறம் கட்டுனாங்க."

"புதுசு எங்க இருக்கு?"

"இடிச்சிட்டாங்க. அதான் இருந்த இடம்னு சொன்னேன்."

அது சரிதான் என்று ஒப்புக்கொண்டு அவன் உள்ளே வந்தான். அவள் அவித்த பீன்ஸைச் சூடு பண்ணினாள்.

மறுநாளும் ஒதிலியா வேலைக்குப் போனாள். பந்துகள் இன்றைக்கும் பேசுகின்றன; அமெரிக்காவில் அதை மட்டையின் சத்தம் என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அந்தக் கோடையில் கிளீவ்லாந்தில் ஒரு பந்து, "கதவச் சாத்திட்டு வாங்க, கொசு வருது" என்று சொல்லிக்கொண்டே வேலியைத் தாண்டிப் போனது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.