மாமா வீட்டுச் சுவரில் ஓர் ஆணி

என் அக்காள் புருஷனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை. தெருமுனையில் சுரங்கப்பாதைக்குக் குழி தோண்டும் வேலைக்கு அவர்தான் தலைமைப் பொறியாளர். அந்தக் குழியால் பக்கத்து வீடுகள் இறங்குகின்றனவா என்று அளப்பது என் வேலை. அதற்கு, எதிலிருந்து உயரத்தை அளக்கிறோமோ அந்த அசையாத மட்டக்குறி ஒன்று வேண்டும். தூரத்துப் பாறையில் நல்லதாக ஒன்று இருக்க, மாமா தன் வீட்டுச் சுவரிலேயே ஓர் ஆணியை அடித்துவிட்டு, "இதுல இருந்தே அள" என்றார்.

"குழிக்குப் பக்கத்துல இருக்கே, மாமா. இது ஆகாது."

"என் வீடு எங்கம்மா ஓடிப்போகுது? தினமும் பாறைக்கு நடையா நடப்பியா?"

ஒரு மாதம் போனது. அவர் ஆணிப்படி தெருவே மேலே ஏறியிருந்தது. எதிர்வீடு நான்கு மில்லிமீட்டர், பக்கத்து வீடு மூன்று. மாமாவுக்கு வாயெல்லாம் பல். "தெரு வளருது பாரு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராப்பகலாகக் குழியிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே கொட்டினால் மண் எப்படி ஐயா மேலே வரும்? அன்றே பாறையிலிருந்து அளந்து வந்து, மறுபடி பாறை வரை அளந்துபோய்ச் சரிபார்த்தேன். பிசகே இல்லை. மாமா வீடு, அந்த ஆணியோடு சேர்ந்து, முப்பத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மற்ற வீடுகளும் இறங்கியிருந்தன, கொஞ்சம் குறைவாக. அதைத்தான் இந்த மனிதர் வளர்ச்சி என்றார். அந்த வீட்டுக்குள் அக்காவும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

சொன்னதும் அவர் முகம் வெளிறியது. வேலையை நிறுத்துவார் என்று நம்பினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்காவையும் பாப்பாவையும் உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. குழிக்கு அடியில காங்கிரீட் தளம் போடுற வரைக்கும் ஆணியில இருந்தே அள."

"மத்த வீட்டுக்காரங்க?"

"வீணா பீதியைக் கிளப்பாதே."

அவரை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். கை வரவில்லை. நேரே அக்காவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு மாமாவுக்கு ஃபோன் போட்டாள்.

"நான் வீட்டுலதான் இருக்கேன். தெருவுல எல்லாரும் வெளிய வந்தப்புறம்தான் வருவேன். வேலையை நிறுத்துறதும் நிறுத்தாததும் உங்க இஷ்டம்."

உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா தலைதெறிக்க ஓடி வந்து அவர் வீட்டுக் கதவை இடித்தார். குழியில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.