மிதிக்காமலும் போகும்

19-9-1987, சனி

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. கண்ணகிக்கு வலிப்பது இடது கால் என்று எழுதியிருக்கிறேன். வலது கால். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டியதால் மாறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், எலும்பை ஒட்டிய இடம். எழுதியதை அடிக்காமல் திருத்தத்தை இங்கே வைக்கிறேன். டைப்ரைட்டிங் வகுப்பிலும் எனக்கு இப்படித்தான். வேகம் வந்துவிடும், எங்கோ ஓர் எழுத்து மாறிப்போயிருக்கும்.

வகுப்பு இன்றும் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி மூன்றாம் நாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆடுகள் படுத்திருக்கின்றன. உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்ததாகப் பேச்சு. அப்பா வெளியே போகாதே என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கிராமம் கிராமமாகப் போய்த் தடுப்பூசி போட்ட நர்ஸ். எந்த ரோட்டில் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு.

கண்ணகியும் நானும் மாலை வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷின். உளுந்தூர்பேட்டை போகும் அதே தியாகதுருகம் சாலையில் ஊர் முடியும் இடத்தில் அவள் வீடு. குத்தகை நிலம், இரண்டு மாடு, ஓர் அண்ணன். அடுத்த மாதம் கடலூரில் பெண் போலீஸ் தேர்வு. அதற்காக அவள் மார்கழியிலிருந்து தினமும் விடியலில் ஓடுகிறாள். தேர்வாகவில்லையென்றால் இந்த வருஷம் வீட்டோடு கரும்பு வெட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள் ஆலை வேலை முடியும்வரை கொட்டகை போட்டுக்கொண்டு ஊர் ஊராக இருப்பார்கள். போனால் டைப்ரைட்டிங் போய்விடும், அடுத்த தேர்வும் போய்விடும். அவள் இதை ஒருமுறைதான் சொன்னாள். அதன் பிறகு நானும் அவளோடு விடியலில் எழுந்துகொள்கிறேன். அவள் ஓடுவாள், நான் பக்கத்தில் சைக்கிளில் போவேன், அன்றைக்கு எவ்வளவு தூரம் என்று இந்த நோட்டில் எழுதி வைப்பேன்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. தனியாக ஓடினால் வழியில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் தினமும், "இன்னாம்மா, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்பார். கண்ணகி நிற்காமலே, "ஆமாங்க, அடுத்த ஸ்டாப்புல புடிச்சிடுவேன்" என்பாள். நான் சைக்கிளில் கூடப் போக ஆரம்பித்ததும் கேள்வி நின்றுவிட்டது. சைக்கிளில் போகிற பெண்ணை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, எங்கோ போகிறாள் என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். ஓடுகிற பெண்ணைத்தான் யார் துரத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

கண்ணகி ஓடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணனின் பழைய சட்டை. செருப்பில்லாத கால். தோள் அசையாது. பின்னல் மட்டும் முதுகில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும். அந்த அடியின் ஒழுங்கு கெட்டால் அவள் களைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்போதும் அவள் வேகத்தைக் குறைக்க மாட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், இவள் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்து வருகிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் உண்மையை எழுத வேண்டும். அந்தக் கூச்சத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் இருந்தது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியையும் உடம்பு கொடுக்க வேண்டும். கொடுப்பதை நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடும். சைக்கிள் அப்படியில்லை. நான்கு மிதி மிதித்துவிட்டுக் காலைச் சும்மா வைத்திருந்தால், பின்சக்கரம் கிர்ரென்று தனக்குத்தானே பேசிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரும்புத் தோகையின் வாசனை வரும், வயலில் கொக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று தெரியும். திரும்பி வரும்போது எதிரே கல்வராயன் மலை முழுதாகத் தெரியும். கண்ணகிக்குத் தன் முன்னால் இருக்கிற பத்தடித் தார்தான் தெரியும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் ஓட முடியாதவள், அதனால் எனக்கு முடிந்ததைப் பெரிதாக நினைக்கிறேனோ என்றும் சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தையும் எழுதி வைக்கிறேன்.

போன வாரம் அவளால் ஓட முடியவில்லை. அம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடி எலும்பு நொந்திருக்கிறது, பத்து நாள் ஓடக் கூடாது என்றாள். கண்ணகி முகம் சிறுத்துவிட்டது. பத்து நாள் சும்மா இருந்தால் மூச்சு தாங்கும் சக்தி போய்விடும் என்றாள்.

"ஓட வேணாம்னுதான் சொன்னேன், ஒக்காந்துக்கினு இருன்னு சொல்லல. காலு இடிக்காத மாரி எதுனா செய்" என்றாள் அம்மா.

அப்போதுதான் நான் சைக்கிளைச் சொன்னேன். அப்போதுதான் கண்ணகிக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்பதும் தெரிந்தது. இத்தனை மாதம் பக்கத்தில் போயிருக்கிறேன், ஒருநாளும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் சைக்கிள் இருக்கிறது, ஆனால் அது அவள் அண்ணன் சடையனோடு காலையில் வெளியே போனால் இருட்டிய பிறகுதான் வரும்.

சொல்லிக் கொடுப்பது எளிதாக இல்லை. எல்லோரும் சைக்கிள் சாய்ந்தால் விழுவார்கள். கண்ணகி விழுவதில்லை. சாய்கிறது என்று தோன்றிய உடனே கீழே குதித்து, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு ஓடுவாள். அதுவும் அந்த வலிக்கிற காலோடு. எந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்க நினைத்தோமோ அது தார் ரோட்டில் படபடவென்று அடிக்கும். வியாழனும் வெள்ளியும் இப்படியே போயின. நேற்று அவளைக் கோபித்துக்கொண்டேன். "பயந்தா காலு தானா ஓடுதுடி, நான் இன்னா பண்றது" என்றாள். இது தப்பான யோசனை, என்னால் அவள் கால் இன்னும் கெட்டுவிடும் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அவள் வீட்டுக்கு அப்பால், பாலத்து இறக்கத்துக்குக் கூட்டிப் போனேன். மற்ற நாளில் அங்கே லாரிகள் வரிசையாகப் போகும். இன்று சாலை முழுக்கக் காலி. புளிய இலை உதிர்ந்து தாரே தெரியவில்லை. இறக்கமாக இருந்தால் மிதிக்க வேண்டியதில்லை, காலுக்கு வேலை இல்லையென்றால் பயமும் காலுக்குப் போகாது என்பது என் கணக்கு. பெடலில் கால் வைத்துச் சும்மா உட்கார்ந்திரு, கீழே பார்க்காதே என்று சொல்லித் தள்ளிவிட்டேன்.

போனாள். பின்னல் முதுகில் அசையாமல் கிடந்தது. நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. இறக்கம் முடிந்த பிறகும் சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மிதி மிதித்தாள். இன்னொன்று. நான் கத்தவில்லை, கத்தினால் திரும்பிப் பார்ப்பாள் என்று பயம். வளைவுக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்பது அவள் மறைந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். மரத்தைப் பார்த்ததும் வழக்கம்போலக் குதித்து ஓடி நிறுத்தியிருக்கிறாள். சாலைக்குக் குறுக்கே பெரிய புளியமரம். அதன்மேல் ஏழெட்டு ஆண்கள், நடுவில் சடையன். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் இன்னும் அந்த இடம்வரை வரவில்லை.

"கண்ணகி, இது சைக்கிள் வுடறதா ஓடறதா? ஒண்ணு சொல்லு" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைக் காட்டி, "வாத்தியாரம்மா வந்துட்டாங்க, கேளு" என்றார். சிரித்தார்கள். சடையன் சிரிக்கவில்லை. அவருக்கு இந்தப் பயிற்சி பிடிக்காது. சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் அத்தோடு முடிந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"நாங்க இங்க வெயில்ல ஒக்காந்துக்கினு இருக்கறது யாருக்காவன்னு நினைக்கற?" என்றார் தங்கையிடம். "ஒதுக்கீடு வந்துட்டா நீ இவ்ளோ கஷ்டப்படத் தேவல."

"ஒக்காந்து வாங்கறத நீங்க வாங்குங்க. ஓடி வாங்கறத நான் வாங்கறேன்" என்றாள் கண்ணகி. "எனக்குத் தேர்வு அடுத்த மாசம்."

சண்டை வரப்போகிறது, நான்தான் காரணம் என்று நினைத்தேன். சடையன் இறங்கி வந்தார். கண்ணகி கையிலிருந்து சைக்கிளை வாங்கினார். பிடுங்கி வைத்துக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளைகளுக்கு நடுவே ஏறி, மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி நிறுத்தினார்.

"அந்தாண்ட அடுத்த மரம் வரைக்கும் யாரும் வர மாட்டாங்க. போ" என்றார்.

கண்ணகி மரத்தைத் தாண்டிப் போய் ஏறிக்கொண்டாள். யாரும் தள்ளிவிடவில்லை. முதலில் பாம்பு மாதிரி வளைந்து போனது, பிறகு நேரானது. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் அவள் மட்டும். சிறிதாகிச் சிறிதாகி மறைந்துபோனாள்.

சடையன் திரும்ப மரத்தில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் காத்திருந்தோம். யாரோ பீடி பற்ற வைத்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெகு நேரம் ஆனது போல எனக்கு இருந்தது. சடையன் என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு பிரேக்கு புடிக்கத் தெரியுமா?"

நான் அதை இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடத்தை வரிசையாக வைத்திருந்தேன், பிரேக் நான்காவது. "தெரியாதுங்கண்ணா" என்றேன்.

அவர் மரத்திலிருந்து குதித்து ஓட ஆரம்பித்தார். நானும் மரத்தைத் தாண்டி ஓடினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் ஓடியதே இல்லை. கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு அடைத்தது, விலா குத்தியது, கண்ணுக்கு முன்னால் பத்தடித் தார் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணகி சொன்னது இதுதான் என்று ஓடிக்கொண்டே நினைத்தேன். இன்னொரு பக்கம், காலொடிந்து கரும்பு ஓரத்தில் கிடப்பாள், கடலூருக்குப் போக முடியாது, எல்லாம் என் யோசனை என்று மனசு அடித்துக்கொண்டது. சடையன் எனக்கு முன்னால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

எதிரே கண்ணகி வந்தாள். மிதிக்கவில்லை. சைக்கிள் தானாக வந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் நான் பார்த்திராத ஒரு சோம்பல். எங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் ஹேண்டில் பாரின் கீழ்க் கம்பியை விரல்களால் அழுத்தினாள். சைக்கிள் நின்றது. பாதையில் எங்கோ அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள்.

"ஏன் ரெண்டு பேரும் ஓடிக்கினு வரீங்க?" என்றாள்.

சடையன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். முகத்திலிருந்து வியர்வை தாரில் சொட்டியது. நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துக் கேட்டார்.

"தெனம் இப்படியா ஓடற?"

"இத வுட ஜாஸ்தி" என்றாள் கண்ணகி. சொல்லிவிட்டு, "இன்னும் ஒரு வாட்டி போய்ட்டு வரட்டா?" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் போனாள். நாங்கள் இருவரும் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டோம். நெடுஞ்சாலையின் நடுவில் உட்கார்ந்தது எனக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சடையன், கடலூரில் ஓட விடுகிற மைதானம் மண்ணா தாரா என்று மட்டும் கேட்டார். மண் என்றேன். நம்ம பள்ளிக்கூட மைதானமும் மண்தானே, அங்கே ஓடினால் என்ன என்றார். சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் கத்துவார்கள், அதனால்தான் ரோடு என்றேன். அவர் தாரைக் கையால் தடவிப் பார்த்தார். மறியல் முடிந்ததும் தானும் காலையில் மைதானத்துக்கு வருவதாகச் சொன்னார்.

திரும்பி நடந்து வரும்போது கண்ணகி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் எவ்வளவு தூரம் விட்டாள் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். முதல் மரத்திலிருந்து இரண்டாவது மரம், இரண்டு தடவை, போக வர.

"இன்னிக்கி எழுதாதடி" என்றாள்.

பயிற்சிக்கு வேண்டும் என்றேன்.

"அது பயிற்சி இல்ல." கொஞ்ச தூரம் நடந்தாள். "இத்தினி மாசமா ஓடறேன். எப்ப முடியும்னுதான் ஓடறேன். இன்னும் கொஞ்சம் போலாம்னு ஒருநாளும் தோணினதில்ல. இன்னிக்கித் தோணிச்சி."

இவ்வளவு அழகாக ஓடுகிறவளுக்கு ஓட்டம் பிடித்திருக்கும் என்றே நான் நம்பியிருந்தேன். பிடிக்காத ஒன்றை அவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியாது. பிடித்ததைக்கூட நான் அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து காலை அழுத்திப் பார்த்தோம். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கால்தான். வலி இருக்கிறது. நேற்றைவிடக் குறைவா என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. சைக்கிள் நினைப்பில் காலைக் கவனிக்க மறந்துவிட்டாளாம்.

ஆகவே இன்று தூரம் எழுதவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். மிதிக்கும்போது அவள் முழங்கால் ஹேண்டில் பாரைத் தொடுகிற அளவுக்கு மடங்குகிறது. அவளுக்கு என்னைவிடக் கால் நீளம்.

நாளை ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டில் ஸ்பேனர் வாங்கி, சீட்டை இரண்டு விரல் உயர்த்த வேண்டும்.