நான்கு முடிச்சு விரிப்பு

"இந்த அட்டையைக் கழட்டுங்க மேடம். இன்னைக்கே."

கேட்டுவிட்டேன். எதை மட்டும் எந்த இடத்திலும் கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே ஆசிரியர் விரலை ஆட்டிச் சொன்னாரோ, அதையே கேட்டுவிட்டேன். "போ, பாரு, நாலு வரி எழுது, வந்துடு. இதை மாத்துங்க, அதை எடுங்கன்னு வாயைத் திறந்தே, அப்புறம் ஒரு கதவும் நமக்குத் திறக்காது." பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை. பதினோராவது மாதத்தில், அதுவும் பணி நிரந்தரமாக ஒரு வாரம் இருக்கும்போது, திறந்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது ஒரு வாரப் பத்திரிகையில். கடைசிப் பக்கத்தின் மூலையில் 'இந்த வாரம் எங்கே போகலாம்' என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். அந்தப் பெட்டிக்கு அலைகிற கால் என்னுடையது. பெரிய அருங்காட்சியகம் என்றால் மூத்த நிருபர் காரில் போய்விடுவார். மிச்சம் மீதி எனக்கு. இந்த ஊரில் மிச்சத்துக்குக் குறைவில்லை. கண்ணாடிக் கடை மாடியில் மூக்குக்கண்ணாடி மியூசியம் இருக்கிறது. டயர் கடைக்கு மேலே ஒரு கேலரி. அங்கே எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் ரப்பர் வாசனை அடிக்கும். ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் முந்நூறு பூட்டுகளைச் சேர்த்து வீட்டு முன்னறையில் அடுக்கியிருக்கிறார். நான் போன அன்று அவர் தன் வீட்டுச் சாவியையே தொலைத்துவிட்டார். இரண்டு பேரும் அரை மணி நேரம் வெளியே நின்று, உள்ளே இருக்கும் பூட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நான் பார்த்ததிலேயே நல்ல கண்காட்சி அதுதான்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். பெரிய இடங்களின் வாசலில் நிற்கிற காவலர் என் முகத்தைப் பார்க்குமுன் செருப்பைப் பார்ப்பார். சின்ன இடங்களில் ஆள் வந்ததே போதும் என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் படிக்கட்டில் நிற்க வேண்டிய அறைகள். அவற்றை நான் உண்மையாகவே நேசித்தேன். அதனால்தான் அன்று எனக்கு அத்தனை கோபம் வந்தது.

நகரத்தின் பழைய பொது மருத்துவமனையை இடித்துவிட்டார்கள். அதிலிருந்து மிஞ்சிய பொருட்களை வைத்து ஓர் இரண்டு அறை கேலரியில் 'ஆறுதல்' என்று கண்காட்சி போட்டிருந்தார்கள். அம்மா அந்த மருத்துவமனையின் தையல் அறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். கிழிந்த விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு, எல்லாம் அவள் கை வழியாகத்தான் மறுபடி வார்டுக்குப் போகும். "வாம்மா, உன் ஆஸ்பத்திரியைப் பார்க்கலாம்" என்று புதன்கிழமை மதியம் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா கேலரிக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. முதல் அறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்ஷன் வந்தவள் மாதிரி நடந்தாள். குழந்தைகளை எடை பார்க்கும் தராசு முன்னால் நின்றாள்.

"இந்தத் தராசு பொய் சொல்லும்டி. எந்தக் குழந்தையை வெச்சாலும் கால் கிலோ கூடக் காட்டும்."

"ரிப்பேர் பண்ணலையா?"

"எதுக்கு? பெத்தவங்க சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க."

இரண்டாவது அறையில் விளக்கு மங்கலாக இருந்தது. சுவரில் ஐந்து சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குப் பின்னால் மடித்த ஒரு வெள்ளை விரிப்பு. ஓரத்து மடிப்பைத் திருப்பி, குண்டூசி குத்தி, உள்பக்கம் தெரியும்படி வைத்திருந்தார்கள். அங்கே சிவப்பு நூலில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் நான்கு. எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அம்மாவுக்காக அட்டையை வாய்விட்டு வாசித்தேன்.

'பெயர் தெரியாத நோயாளிகள் தங்கள் படுக்கை விரிப்பில் இட்ட முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு வேண்டுதல். உயிரோடு கடந்த ஓர் இரவு.'

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. வாசலில் இருந்த காவலர் எட்டிப் பார்க்கிற சிரிப்பு.

"ஏன்டி, நோயாளி கையில ஊசியும் நூலும் யாருடி குடுத்தா? ஊசி போட வந்த நர்ஸா?"

"மெதுவாம்மா."

"என்ன மெதுவா? இது நாங்க போட்ட முடிச்சுடி! அதோ, அந்த ரெண்டாவது இருக்கே, நூலை இடது பக்கம் சுத்தியிருக்கு பாரு. அது எங்க தையல் ரூம்ல இருந்த குட்டச்சி போட்டது. அவளுக்கு இடது கை."

பிறகு நடந்ததைச் சொன்னாள். ஒருமுறை ஆபரேஷன் மேசையிலிருந்து ஒரு நோயாளியை விரிப்போடு தூக்கும்போது விரிப்பு நடுவில் கிழிந்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார், திட்டு முழுக்கத் தையல் அறைக்கு. எத்தனை தடவை தைத்த விரிப்பு என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. மையால் குறித்தால் வெந்நீர்ச் சலவையில் போய்விடும். நூலால் அடையாளம் போட்டுக்கொள்கிறோம் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சொத்தில் கிறுக்கக் கூடாது, போட்டால் சீட்டுக் கிழியும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அதான் ஓரத்து மடிப்புக்கு உள்ளாற போட்டோம். கண்ணுல பட்டாலும் நூல் பிசிறுன்னு நினைக்கணும். ஒரு முடிச்சுன்னா ஒரு தடவை தைச்சது, எந்த வார்டுக்கும் போகலாம். ரெண்டுன்னா ஆபரேஷனுக்குப் போகாது. மூணுன்னா மெத்தைக்கு மேல விரிக்கலாம், ஆளைத் தூக்கக் கூடாது. நாலுன்னா நடுவுல விட்டுப்போச்சு, துடைக்கிற துணிக்கு வெட்டு. தையல் ரூம்ல ஏழு பேரு, வார்டு ஆயாங்க, எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுக்கப்புறம் ஒரு ஆளுக்கு அடியிலயும் விரிப்பு கிழியல."

"இதை ஏம்மா வீட்டுல ஒரு நாளும் சொல்லலை?"

"கிழிஞ்ச துணிக் கதையை எவ வீட்டுல வந்து சொல்லுவா?"

இருபத்திரண்டு வருடம் நான் அவள் எடுத்துவந்த சோற்று டப்பாவைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னிடம் அந்த வெட்கம் ஒரு நிமிடத்துக்கு மேல் தங்காது, கோபமாகிவிடும். சிரிப்புச் சத்தம் கேட்டுக் காப்பாட்சியர் வந்தார். நரைத்த கூந்தல், கழுத்தில் கண்ணாடி, மென்மையான குரல். அப்போதுதான், என் பத்திரிகையின் பெயரையும் சொல்லி, அட்டையைக் கழற்றச் சொன்னேன். அம்மா சொன்னதையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப சுவாரசியமா இருக்கு. ஆனா ஆஸ்பத்திரிப் பதிவேடு எல்லாம் நான் பார்த்துட்டேன். இப்படி ஒரு முறை இருந்ததா எங்கயும் எழுதலையே."

"எழுதினா வேலை போயிருக்கும் மேடம். மறைக்கறதுக்காகப் போட்டதை யாராவது பதிவேட்டுல எழுதுவாங்களா?"

"ஆதாரம் இல்லாம நான் எப்படி..."

"நோயாளிதான் போட்டாங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அம்மா மூன்றாவது சட்டகத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, சண்டை எதுக்கு? இதுல நாலு முடிச்சு இருக்கு. அப்போ நடுவுல ஒரு முழத்துக்குக் கிழிசல் இருக்கணும். தொறந்து பாருங்க. இல்லேன்னா நான் பேசாம போயிடுறேன்."

"கண்காட்சி நடக்கும்போது சட்டகத்தைத் திறக்க முடியாதுங்க."

மூலையில் ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தவர் அந்தச் சட்டகங்களைச் செய்து மாட்டிய தச்சர். அவர் கீழே பார்க்காமலேயே சொன்னார்: "தொறக்க வேண்டாம் மேடம். அது நடுவுல ஆ-ன்னு கிழிஞ்சுதான் கிடந்துச்சு. நீங்கதானே கிழிசல் தெரியாம மடிச்சு வைன்னு சொன்னீங்க?"

தச்சர் தாம் சொன்னது என்னவென்று அப்போதுதான் புரிந்தவர் போல, எரிகிற பல்பை மறுபடி கழற்றத் தொடங்கினார்.

சரி, முடிந்தது, இனி ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். படித்தவர்களிடம் நிரூபித்தால் போதும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை நம்பியிருந்தவள் நான்.

காப்பாட்சியர் குரலைத் தாழ்த்தினார். "இருக்கலாம்மா. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்த ரூமுக்கு வர்றவங்க அழறாங்க. பார்த்தே இல்ல? இதைப் பார்க்கத்தான் வர்றாங்க. இந்த இடத்துல 'தையல் கணக்கு'ன்னு போட்டா யாரு நிப்பா? உங்க அம்மாவுக்கு இதனால என்ன குறைஞ்சு போச்சு?"

அம்மாதான் பதில் சொன்னாள். "ஒண்ணும் குறையலைம்மா. நான் பெத்த புள்ளையை இன்னொருத்தர் தூக்கி வெச்சுக்கிட்டு, பாருங்க எவ்வளவு அழகா இருக்குன்னு என்கிட்டயே காட்டுறாங்க. அவ்வளவுதான்."

பேருந்தில் அவள் டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டே வந்தாள். இறங்கும் நிறுத்தத்துக்கு முன்னால் சொன்னாள். "நீ இதை எழுதாத. முதல்ல பர்மனென்ட் ஆகட்டும். அப்புறம் எவ்வளவு வேணா கோவப்படு."

"பர்மனென்ட் ஆனா கோவம் வராதும்மா. அதுக்குத்தான் பர்மனென்ட் பண்றாங்க."

"உன் வாயிருக்கே..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை நான் கிளம்பும்போது தொலைபேசியில் யாரையோ சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். "அடியே குட்டச்சி, உயிரோட இருக்கியா? உன் முடிச்சைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்கடி. நீ பேர் தெரியாத நோயாளியாம்!" அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு எனக்கு வாசல் வரை கேட்டது. செருப்பை மாட்டியபடி, "எழுதப் போறேம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஏதோ சரிதான் என்கிற தலையாட்டல்.

அலுவலகத்தில் நான் எழுதியது நாலே வரி. 'பழைய மருத்துவமனைப் பொருட்கள், இரண்டு அறைகள். இரண்டாவது அறையில் உள்ள முடிச்சுகளைப் போட்டவர்கள் நோயாளிகள் அல்ல, தையல் அறைப் பெண்கள். எந்த விரிப்பு ஆளைத் தாங்கும் என்று சொல்ல அவர்களே கண்டுபிடித்த முறை அது. அட்டையில் இருப்பது தவறு என்று காப்பாட்சியருக்குத் தெரியும். போய்ப் பாருங்கள், அட்டையை நம்பாதீர்கள்.'

மூன்று மணிக்கு ஆசிரியர் கூப்பிட்டார். எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு: யார் எழுதினாரோ அவர் பக்கத்தின் மெய்ப்பில் கையெழுத்துப் போட்டால்தான் அது அச்சுக்குப் போகும். மேசை மேல் என் பெட்டியின் மெய்ப்பு இருந்தது. 'நம்பிக்கையின் முடிச்சுகள்: கண்ணைக் கலங்க வைக்கும் கண்காட்சி' என்று தலைப்பு. கீழே நான் எழுதாத நாலு வரி. பக்கத்தில், அடுத்த வாரம் வர வேண்டிய என் நிரந்தர ஆணை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பேனா.

"அந்த கேலரி அம்மா போன் பண்ணினாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அம்மா காய்ச்சலில் கிடந்த மாதம் நான் கேட்காமலே சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்தவர். அதனால்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது. "உன்னைப் பத்தித் தப்பா ஒண்ணும் சொல்லலை. சின்னப் பொண்ணு, உணர்ச்சிவசப்பட்டுடுச்சுன்னாங்க. ரெண்டுலயும் கையெழுத்துப் போடு, முடிஞ்சது."

"நான் எழுதினதுல எது சார் பொய்?"

"பொய்யின்னு யாரு சொன்னா? நாலு வரிப் பெட்டிக்கு இவ்வளவு உண்மை தாங்காதும்மா. உங்க அம்மாவைப் பத்தி வரணும், அவ்வளவுதானே? அடுத்த மாசம் 'உழைக்கும் கைகள்' பக்கத்துல போட்டோவோட போட்டுடலாம். ஊசியைக் கையில பிடிச்ச மாதிரி."

"எங்கம்மாவுக்குப் பாவம் பார்க்கற பக்கம் வேண்டாம் சார். அவங்க கையைப் போட்டோ எடுக்க வேண்டாம். மண்டையால பண்ணின வேலை அது."

"ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறே? உனக்காக நான் எத்தனை பேர்கிட்ட பேசியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார். அதை மறக்க மாட்டேன். இதுல கையெழுத்தும் போட மாட்டேன்."

"அப்போ இந்தப் பேப்பரும் இல்ல" என்று ஆணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இழுத்தபிறகு, நான் மனம் மாறுவேன் என்று கொஞ்ச நேரம் அதன் மேலேயே கை வைத்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்து மூடி போட்டு அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடி இல்லாமல் கிடந்தால் மை காய்ந்துவிடும்.

என் மேசையில் எடுத்துப்போக அதிகம் இல்லை. ஒரு அகராதி, ஒரு குடை, கண்காட்சி கண்காட்சியாகச் சேர்த்த நுழைவுச்சீட்டுகள். மூத்த நிருபர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னம்மா, பர்மனென்ட் ஆயிட்டியா?"

"ஆமா. பர்மனென்ட்டா போறேன்."

அவர் சிரித்தார். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஐயோ. எங்க போறே?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அந்த கேலரிக்கு வாங்க சார். தையல் ரூம்ல மிச்சம் இருக்கிற அஞ்சு பேரையும் கூட்டிட்டு வரப் போறேன். ஒவ்வொருத்தரும் ஒரு ஃப்ரேம் முன்னால நிப்பாங்க. வர்றவங்ககிட்ட அவங்களே சொல்லுவாங்க. நுழைவு இலவசம், யாரும் தடுக்க முடியாது."

"வெளியே தள்ளினா?"

"தள்ளட்டும். எங்கம்மா எப்படிக் கத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றிருந்தது. அதற்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மாவும் குட்டச்சியும் போக, இனிமேல்தான் அழைக்க வேண்டிய மற்ற மூன்று பெண்களின் வீடும் நகரத்தின் மூன்று மூலைகளில் இருந்தது, இருட்டுவதற்குள் இரண்டு வீட்டையாவது பார்த்துவிட வேண்டும். படிக்கட்டில் இறங்கினேன்.