அதிதி ஒளிந்த படம்

பரத்துக்குத் தொழில், காலி வீட்டைப் படம் பிடிப்பது. இதற்கெல்லாமா ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொந்த ஊரான திருப்பத்தூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு அவனுக்குப் பதில் சொல்லவே சலித்துவிட்டது. கொடுக்கிறார்கள், பெங்களூரில் எதற்குத்தான் ஆள் இல்லை? வாடகைக்கு வருகிற ஃப்ளாட்டை ஹால், கிச்சன், பெட்ரூம், பால்கனி என்று எடுத்து அனுப்பினால் கம்பெனி தன் ஆப்பில் போடும். ஒரே ஒரு சட்டம்தான். படத்தில் மனுஷ வாடையே இருக்கக் கூடாது.

முதல் இரண்டு வருஷம் அவன் எடுத்ததெல்லாம், சொல்லக் கூடாது, ஆதார் அட்டை மூஞ்சி மாதிரி இருந்தது. வாசலில் நின்று நாலு கிளிக், ஸ்கூட்டரை உதைத்தான், அடுத்த வீடு. வீட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஒரு ஏழு வயசு வாண்டு. அவன் மகள் அதிதி.

மனைவி விஜிக்குச் சனிக்கிழமையும் துணிக்கடையில் பில் போடுகிற வேலை. அதனால் அன்றைக்குப் பிள்ளை அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போகும். வெறும் வீட்டில் பிள்ளை என்ன செய்யும்? ஒளிந்து விளையாடியது. அவன் படம் எடுக்கும்போது எங்காவது ஒளிந்துகொள்வாள். முழுசாக ஒளிய மாட்டாள், அது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. கால் கட்டைவிரலோ, பின்னல் நுனியோ, கவுன் ஓரமோ, ஏதோ ஒன்று படத்தில் விழ வேண்டும். சாயங்காலம் லிங்கராஜபுரத்தில் தங்கள் வீட்டுக் கட்டிலில் ரெண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து, போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார்கள். கண்டுபிடித்ததும் அவன் "ஐஸ்பாய் அதிதி" என்று கத்த வேண்டும். கத்தினால் அவள் அவுட். அப்புறம் படத்தில் இருக்கிற அந்தக் கட்டைவிரலை அவன் விரலால் தேய்ப்பான். அதற்கென்று போனில் ஒரு வசதி இருக்கிறது, தேய்த்த இடத்தில் வெறும் தரை வந்துவிடும். "ஐயோ, என் காலு போச்சு" என்று அவள் கட்டிலில் உருண்டு சிரிப்பாள்.

அவளிடம் தோற்கக் கூடாது என்பதற்காகவே அவன் மூலை முடுக்கெல்லாம் பார்க்க ஆரம்பித்தான். பார்த்தால், அடேங்கப்பா, வெறும் வீட்டில் எவ்வளவு இருக்கிறது! மதியம் மூன்று மணிக்குக் கிச்சன் ஜன்னல் வெயில் தரையில் எவ்வளவு தூரம் வருகிறது, கதவு எவ்வளவு திறந்தால் ரூம் பெரிசாகத் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. தரையில் படுத்து எடுத்தான், சமையல் மேடைமேல் ஏறி எடுத்தான். ஆபீஸில் படங்களை வாங்கிப் போடுகிற ஸ்ரீஹர்ஷா லேசில் வாய் திறந்து பாராட்டுகிற ஆளில்லை. அவனே கன்னடம் கலந்து 'சக்கத்தா இருக்கு குரு' என்று மெசேஜ் போட்டான். முப்பத்தாறு வயசில் பரத்துக்குத் தன் வேலைமேல் ஆசை வந்தது.

ஜூலை மழையில் அதிதிக்கு டெங்கு வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில், கையில் ஊசியோடு படுத்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு படத்துல நீ என்னைக் கண்டே பிடிக்கல."

எந்தப் படம் என்று கேட்டான்.

"இப்பவே சொன்னா ஆட்டம் போச்சு. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

வீட்டுக்கு வரவில்லை.

வீட்டில் அவள் படம் இல்லாமல் இல்லை. பிறந்தநாள், ஸ்கூல் டே, சித்தி கல்யாணம் என்று நிறையவே இருக்கிறது. ஆனால் நிற்க வைத்து எடுத்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு விறைத்துப் போகிற பிள்ளை அது. மாலை போட்டு மாட்டியதும் அப்படி ஒன்றுதான். அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் விஜி சொன்னாள், இது என் பொண்ணே இல்லை, அவள் சிரிக்கிற படம் ஒன்றாவது கொடுங்கள் என்று. அவன் எங்கே போவான்? அவள் அவளாக இருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான். அத்தனையையும் அவனே தேய்த்துவிட்டான். போனில் இடம் அடைக்கிறது என்று, தேய்ப்பதற்கு முந்தைய படம், அனுப்பிய படம் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே அழிக்கிற நல்ல பழக்கம் வேறு.

"அழிக்கிறதுக்கு உங்களுக்குக் கை எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள். அது பிள்ளைக்கும் பிடித்த விளையாட்டு என்று சொல்ல வந்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

மிச்சம் இருந்தது அவன் கண்டுபிடிக்காத அந்த ஒரு படம்தான். அது கம்பெனி ஆப்பில் எங்கோ இருக்கிறது. வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் படத்தை எடுத்துவிடுவார்கள், அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. டீக்கடையில், சிக்னலில், அடுத்த வீட்டு லிஃப்டில் என்று எங்கே நின்றாலும் தான் எடுத்த படங்களைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தான். திரைக்குக் கீழே பார்த்தான், கதவிடுக்கில் பார்த்தான். ஊரே வாடகைக்கு வீடு கிடைக்காமல் அல்லாட, இந்தப் பாவி மட்டும் எந்த வீட்டுக்கும் ஆள் வரக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டான். ஆனாலும் வாரத்துக்கு நாலைந்து வீடு போய்க்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொன்று போகும்போதும் அதில்தான் அவள் இருந்தாளோ என்று தவித்தான்.

நவம்பரில் ஒரு மதியம் ஸ்ரீஹர்ஷா ஒரு படத்தை அனுப்பினான். கம்மனஹள்ளி வீடு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று ஓனர் ஒற்றைக் காலில் நின்றதால் ஆறு மாசமாகக் காலியாகவே கிடந்தது. பெட்ரூம் அலமாரிக் கண்ணாடியில் ஏதோ குழந்தை தெரிகிறதாம், ஓனர் சத்தம் போடுகிறாராம். சீக்கிரம் அழித்து அனுப்பு என்று எழுதியிருந்தான்.

அந்தப் படத்தைப் பரத் பத்துத் தடவையாவது பார்த்திருப்பான். இப்போது கண்ணாடி மூலையைப் பெரிசாக்கினான். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நகத்தளவு முகம், ஆனால் முழு முகம். வாயைப் பொத்திய விரல் இடுக்கில், விழுந்த முன்பல்லின் ஓட்டைகூடத் தெரிகிறது. கண் சுருங்கிப்போகிற சிரிப்போடு நேராக அவனையே பார்க்கிறாள். கட்டைவிரலும் பின்னலுமே தேடிப் பழகிய கண், முழு முகத்தைக் கோட்டைவிட்டிருக்கிறது.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. நேராகத் துணிக்கடைக்குப் போய், பில் போட்டுக்கொண்டிருந்த விஜியைப் பின்னால் இருக்கிற குடோனுக்குக் கூப்பிட்டு, போனை நீட்டினான். அவள் பார்த்தாள். அந்தச் சின்ன முகத்தைத் தடவ விரலைக் கொண்டுபோனாள்.

"தேய்க்காத!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் அப்படிக் கத்தியதில்லை. கத்திய பிறகுதான், படத்தை வெறுமனே திறந்து வைத்திருக்கிறோம், தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று உறைத்தது. துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். விஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெத்த பிள்ளையை வருஷம் பூரா தேய்த்துத் தேய்த்து அழித்தேனே விஜி என்று அவன் அழுதான். அவள் மறுத்துப் பேசவில்லை, அவன் முதுகிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கண்டுபிடித்துவிட்டோமே, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். "ஐஸ்" என்பதற்குள் விஜி அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க. சொன்னா அவ அவுட்டுங்க."

அதற்குள் ஆச்சா என்று கேட்டு ஸ்ரீஹர்ஷாவின் மெசேஜ் வந்தது. பரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த முகத்தை இன்னொரு தடவை பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, பதில் எழுதினான்.

'நல்லாப் பார்த்துட்டேன் குரு. யாரையும் கண்டுபிடிக்க முடியல.'